தனிக்குடித்தனம்

மேட்டுப்பாளையத்தில் ஏறிய கூரியர் வண்டி
குஞ்சப்பனை வளைவில் யானைக்காக
ஒன்றரை மணி நேரம் நின்றதாம்.
பெட்டியின் ஒரு மூலை நனைந்திருந்தது.
"உடைஞ்சிருந்தா நான் பொறுப்பில்ல ஷைலாக்கா"
கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தான்.

கீழே வர்க்கி அடுப்பு. மேலே எட்டுக்குப் பத்தில் என் கடை.
பத்தொன்பது வருடமாய் இந்தக் கம்பெனிச் சில்லைத்தான்
பசை தடவி உட்கார வைக்கிறேன்,
தேயிலை ஃபேக்டரி எடைமேடைக்கு,
அரவேணு பள்ளிக்கூட லேபுக்கு.
கணக்குப் போடுகிறவன் வீட்டுக்குள்ளேயே
படம் வரைகிறவனுக்கும் ஒரு மூலையில் பாய்.
ஒண்டுக்குடித்தனம்.
எக்செல் கட்டம் போடுவான், கல்யாண வீடியோ ஓட்டுவான்,
அதற்கு மேல் கேட்டால் மூச்சு வாங்கும்.

இப்போது தனிக்குடித்தனம் வந்துவிட்டான்.
தனி அட்டை, தனி நினைவகம்,
இரண்டு மின்விசிறி,
கரண்டுக்குக்கூடத் தனி ஒயர்.

சந்தையில் ஏற்கெனவே இரண்டு பேர்.
ஒருவன் ஒரு விலை சொல்வான்,
மற்றவன் அதில் ஐந்நூறு குறைத்துச் சொல்வான்.
அதைப் போட்டி என்று நம்பி
நானும் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

தர்மனுக்குக் கட்டாத காட்டேஜைக்
கட்டியதுபோல் காட்டும் தொழில்.
"புதுசாவே இருக்கட்டும்க்கா,
மத்த ரெண்டும் என் லோனுக்கு மேல."

மாட்டினோம். எரிந்தது.
ஹால் வந்தது. சோபா, தோலின் மினுக்கம்,
கணப்பில் நெருப்பு, தரையில் அதன் நிழல்,
எல்லாம் சுத்தம்.
ஜன்னல் பக்கம் திருப்பினான்.
பள்ளத்தாக்கில் மூட்டம் இருக்க வேண்டிய இடத்தில்
கறுப்புக் கட்டங்கள்,
யாரோ தார்ப்பாயைக் கிழித்துப் போட்டதுபோல்.

நிஜ ஜன்னலைப் பார்த்தோம்.
பஸ் ஸ்டாண்டு போர்டை விழுங்கிவிட்டு
இடுக்கு வழியே உள்ளே வந்து
அட்டையோடு வந்த கையேட்டை நனைத்துக்கொண்டிருந்தது.

"மூட்டம் வரையத் தெரியலக்கா இவனுக்கு."
"பெங்களூர்க்காரங்க அதுக்குத்தானே காசே கொடுக்கிறாங்க."

புது டிரைவர் வந்தது, தொள்ளாயிரம் எம்பி.
ராத்திரி முழுக்க இறங்கியது.
காலையில் மூட்டம் இருந்தது, சோபா இல்லை.
அடுத்ததில் சோபா வந்தது,
கணப்பு நெருப்பு தலைகீழாய் எரிந்தது.
அதற்கடுத்ததில் மறுபடி தார்ப்பாய்.
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கம்பெனிக்கு எழுதினேன்,
பனி கறுப்பு, மலை கோத்தகிரி, படம் இணைத்துள்ளேன்.
யார் படிப்பார்?
தர்மன் அட்டையின் பின்பக்கச் சூட்டில்
இரண்டு கையையும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
அந்த ஒரு வேலையை மட்டும்
முதல் நாளிலிருந்தே ஒழுங்காய்ச் செய்தது.

ஆறாவது பதிப்பின் குறிப்பில், கடைசிக்கு முந்தின வரி:
'சில காட்சிகளில் மூடுபனி கறுப்பாகத் தெரிவது
சரிசெய்யப்பட்டது.'
இரண்டு தரம் படித்தேன்.
சில காட்சிகள் என்றால்
வர்க்கிக் கடை மாடியில் நாங்கள் இரண்டு பேர்.
எந்த ஊரிலோ ஒருத்தியோ ஒருத்தனோ
பனியே பார்க்காமல்கூட இருக்கலாம்,
எங்கள் தார்ப்பாயைப் பிரித்து உதறியிருக்கிறார்கள்.

வெள்ளை கொஞ்சம் ஜாஸ்தி.
இங்கே அப்படிச் சீராய் வராது,
ஒரு புறம் கட்டியாய், ஒரு புறம் ஓட்டையாய் வரும்.
அட்வான்ஸ் வந்துவிட்டது, தர்மன் குறை சொல்லவில்லை.

கோயம்புத்தூர் டீலர் போனில்,
"அடுத்த வருஷம் இவன் இந்த யாவாரத்துல
இருப்பானோ மாட்டானோ மேடம்.
வாரண்டி மூணு வருஷம், பாத்துக்குங்க."

மின்சாரம் போனது. யூபிஎஸ் கத்தியது.
ரெண்டு அனுப்புங்க என்றேன்,
இந்த முறை
பிளாஸ்டிக் சுற்றி.